உச்சி வெயிலில் நிறம் காட்டும் ஏரிகள்

போட்டோ எடுக்கிற ஆட்களிடம் ஒரு பாடம் ஊறிப்போயிருக்கும். விடிந்த பிறகு ஒரு மணி நேரம், பொழுது சாயும் முன் ஒரு மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் கேமராவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். கடற்கரைக்கும் கோயில் கோபுரத்துக்கும் அது சரியாக வரும். காஷ்மீரில் சோனமார்க்கிலிருந்து நாராநாக் வரை ஏரி ஏரியாகப் போகும் கிரேட் லேக்ஸ் மலைப்பாதையில் அந்தப் பாடம் பாதிக்கு மேல் செல்லுபடியாகாது என்பதுதான் நான் கண்டது.

பாதை எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழக்கமாக ஒரு வாரம் நடக்கிறார்கள். நிச்னாய், காட்சர், சாஜ் என்று மூன்று கணவாய்கள், மூன்றுமே 4,000 மீட்டருக்கு மேலே. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் பருவம். தென்மேற்குப் பருவமழையைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் பெருமளவு மறித்துவிடுவதால், இமயமலையின் மற்ற பக்கங்கள் ஊறிக்கிடக்கும் மாதங்களில் இங்கே நடக்க முடிகிறது. மழையே வராது என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரம் மேலே கிளம்பி, மத்தியானத்துக்குள் மேகமாகத் திரண்டு, மூன்று மணிக்கு நம் தலையிலேயே கொட்டும். இந்த அன்றாட நடைமுறையைப் புரிந்துகொண்டால் படத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் நாள் ஏற்றத்தில் பூர்ஜ மரக்காடு வரும். வெள்ளை வெளேரென்ற பட்டை, தாள் தாளாக உரியும். நம் ஊரில் பனையோலையில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் இந்தப் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். வெயில் அடிக்கும்போது இந்தக் காட்டைப் படம் எடுப்பது வீண்வேலை. பட்டை வெளுத்துப்போகும், நிழல் கறுத்துப்போகும், இரண்டுக்கும் நடுவே கேமரா திணறும். மேகம் மூடினதும் அதே காடு சொன்ன பேச்சு கேட்கிறது.

நிச்னாய் கணவாய்க்குப் போகும் பள்ளத்தாக்கு நீளமானது, அகலமானது, பார்க்க அவ்வளவு அழகு, படத்தில் வெறும் பச்சை. புல்வெளியின் பெரிய சிக்கலே இதுதான். கண் பள்ளத்தாக்கு முழுவதையும் மேய்ந்து வருகிறது. வைட் லென்ஸ் எல்லாவற்றையும் சின்னதாக்கி மூலையில் தள்ளிவிடுகிறது. நான் அங்கே வைட் லென்ஸைக் கழற்றிவிட்டு தூரத்தை அருகே இழுக்கும் 70-200 ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டேன். மேகங்களுக்கிடையே விழும் ஒரு துண்டு வெயில் எதிர்ச்சரிவில் மெல்ல நகர்ந்து போகும். அது ஒரு குதிரை மேலோ கூடாரத்தின் மேலோ விழும்வரை காத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தக் குதிரைதான் சொல்லும்.

குதிரைக்கும் ஆட்டுக்கும் அங்கே பஞ்சமில்லை. பக்கர்வால் இடையர்கள் வசந்தத்தில் ஜம்முப் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்து மந்தையை ஓட்டிக்கொண்டு மேலேறி வருகிறார்கள், குளிர் தொடங்கும் முன் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய நாய்களிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். ஆட்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள், குறிப்பாகப் பெண்களை. ஒரு பெரியவர் தன்னை ஆட்டுக்குட்டியோடு எடுக்கச் சொல்லி, திரையில் பார்த்துவிட்டு, குட்டி நன்றாக விழுந்திருக்கிறது என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விஷன்சர் ஏரி சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூடாரம் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, ஓடைக் கரையில். இருட்டோடு எழுந்து டிரைபாடைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட வந்த நண்பன் படுக்கைப் பைக்குள்ளிருந்தே, "மாப்ள, ஏரி எங்கயும் ஓடிறாது, டீ குடிச்சிட்டுப் போ" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விடியலில் காற்று அசைவதில்லை, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது, எதிர்மலை அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மலையின் படம். அந்த நேரத்தில் தண்ணீருக்கென்று சொந்த நிறம் கிடையாது.

காரணம் எளிது. வெயில் படுக்கையாக விழும்போது ஒளியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டு எகிறிவிடுகிறது. நாமும் கரையில் நின்று தாழ்வான கோணத்தில் பார்ப்பதால் வானமும் மலையும்தான் தெரிகின்றன. இந்த ஏரிகளின் நீலப்பச்சை உள்ளே இருப்பது. பனியாறு பாறையை அரைத்து அனுப்பும் நுண்துகள் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மேலிருந்து இறங்கும் வெயில் அந்தத் துகள்களில் சிதறித் திரும்பி வந்தால்தான் நிறம் தெரியும். அதற்குச் சூரியன் உச்சிக்கு வர வேண்டும், நாமும் உயரத்துக்குப் போக வேண்டும்.

இரண்டும் ஒன்றாக அமையும் இடம் காட்சர் கணவாய் ஏற்றம். ஏறக்குறைய 4,200 மீட்டர், இந்தப் பாதையிலேயே உயரமானது. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தால் கீழே விஷன்சரும் அதற்குச் சற்று மேலே கிஷன்சரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தத் தண்ணீர்தான் கிஷன்கங்கை ஆறாக ஓடி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டியதும் நீலம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. மற்றவர்கள் எல்லாம் கணவாய் கடந்து இறங்க, நாங்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டோம். வழிகாட்டிக்குப் பிடிக்கவில்லை. "மதியத்துக்குள்ள மேகம் வந்துடும் சார்" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். வரட்டும் என்றுதான் நானும் இருந்தேன். பன்னிரண்டை நெருங்க நெருங்க ஏரிகள் பற்றிக்கொண்டன. மேக நிழல் ஒன்று கிஷன்சரைத் தாண்டிப் போகும்போது நிறம் அணைந்து ஈயமாகிறது, நிழல் விலகினதும் மறுபடி ஏறுகிறது. ஒரு ஏரி நிழலிலும் மற்றது வெயிலிலும் இருக்கும் சில விநாடிகள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் சிபிஎல் (போலரைசர்) ஃபில்டர் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். தண்ணீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது பளபளப்பை அது முழுசாக வெட்டும். கணவாய்ச் சரிவில் அந்தக் கோணம் தானாகக் கிடைக்கிறது. ஆனால் 16 மில்லிமீட்டரில் வைத்து வானத்தையும் சேர்த்தால் நீலம் ஒரு பக்கம் இருண்டு ஒரு பக்கம் வெளிறித் திட்டுத்திட்டாகும். வானத்தை வெட்டிவிடுங்கள். அவ்வளவு உயரத்தில் மத்தியான வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

கணவாயின் மறுபக்கம் பூக்களுடையது. காட்சர் ஏரிக்கும் அதன் கீழ்ப்புறத்துச் சரிவுகளுக்கும் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் போக வேண்டும். ஜெரேனியம், பொட்டென்டில்லா, பெடிகுலாரிஸ் என்று ஊதாவும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். பாறை இடுக்குகளில் முள் முளைத்த தண்டோடு நீலப் பாப்பி. ஏரியில் பனிக்கட்டித் துண்டுகள் அந்த மாதத்திலும் மிதப்பதுண்டு. நாங்கள் இறங்கும்போது வானம் முழுக்க மூடிக்கொண்டது, தூறலும் தொடங்கியது. கூட வந்தவர்கள் சோர்ந்துபோனார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெயிலில் பூவின் ஒரு பக்கம் எரிந்து, மறுபக்கம் நிழலாகி, இதழின் நரம்பெல்லாம் காணாமல் போகும். மேகம் வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் எந்த நிறமும் மற்றொன்றைக் கத்தி அடக்குவதில்லை. நனைந்த இதழில் நிறம் ஒரு படி ஆழம் கூடும். இலையின் பளபளப்பை வெட்ட அங்கேயும் சிபிஎல்லைப் போட்டுக்கொண்டேன்.

தொல்லை காற்றுதான். லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 11 வைத்து முன்பூவிலிருந்து பின்மலை வரை தெளிவு வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் விழும், பூ ஆடிவிடும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, நொடியில் 320இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் எடுத்தேன். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும், கலங்கிய பூவை எந்த மென்பொருளும் தேற்றாது. படுத்து எடுக்கிறேன் என்று பூப்பரப்புக்குள் புரளாதீர்கள். பாதையோரத்திலேயே வேண்டியது இருக்கிறது. பக்கத்தில் ராணுவ முகாம் உண்டு; அடையாள அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள்.

சத்சரைப் பற்றி எழுத அதிகமில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சின்ன ஏரிகள், பருவம் முற்றினால் சிலவற்றில் தண்ணீர் இருக்காது. அதற்குப் பிறகு வரும் பெரும்பாறைக் கூட்டத்தில் கவனம் காலடியில் இருக்க வேண்டும், படத்தில் அல்ல. சாஜ் கணவாய் உச்சியில் கங்காபல், நந்த்கோல் இரண்டும் ஹரமுக் மலையோடு சேர்ந்து தெரியும். நாங்கள் போனபோது இடி உருட்டத் தொடங்கியிருந்தது. திறந்த முகட்டில் டிரைபாடை நட்டுக்கொண்டு நிற்பது வீரமல்ல. இரண்டு மூன்று கையில் பிடித்த படங்கள், அவ்வளவுதான், இறங்கிவிட்டோம்.

ஹரமுக் 5,142 மீட்டர். ஏரிகள் அதன் வடகிழக்குக் காலடியில் கிடக்கின்றன. ஆகவே மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானத்தில் ஏழரை வரை வெளிச்சம் இருந்தாலும் மலைமுகம் கருத்துப்போய் நிற்கும். நந்த்கோல் கரையில் மாலைப்பொன் வெயிலுக்காக டிரைபாடோடு உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பாவமாக இருந்தது. இங்கே விடியல்தான் நேரம். எல்லாப் பாடத்தையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் மலை தெரியவில்லை. மேகம் இடுப்புவரை இறங்கியிருந்தது. காத்திருக்கும்போது நினைவுக்கு வந்தது நில அளவைக்காரர்கள். 1802இல் நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் பிரிட்டிஷ் அதிகாரி லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, 1856இல் இந்த ஹரமுக்கை எட்டியது. அந்த அளவையில் இருந்த மான்ட்கோமரி இங்கே ஏறி நின்று 200 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த இரண்டு காரகோரம் சிகரங்களைப் படம் வரைந்து கே1, கே2 என்று குறித்தார். அவ்வளவு தொலைவு தெளிவாகத் தெரியும் காற்று அவருக்கு வாய்த்தது.

எங்களுக்கு அதற்கடுத்த காலை வாய்த்தது. ஐந்தே முக்கால் வாக்கில் உச்சிப்பனியில் சிவப்பு ஏறி, சில நிமிடங்களில் மஞ்சளாகி இறங்கத் தொடங்கியது. ஏரி இன்னும் ஆழ்ந்த நிழலில். இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்தில் அடங்காது. மேல்பாதியை மட்டும் இருட்டாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் நேரான அடிவானத்துக்குப் பொருந்தும், கூம்பு மலைக்குப் பொருந்தாது. உச்சிக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று வெளிச்ச அளவில் எடுத்து வீட்டில் சேர்த்தேன். சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீரில் தெரியும் மலை எப்போதும் அசல் மலையைவிட ஒரு படி மங்கலாகத்தான் இருக்கும். இரண்டையும் சமமாக்கினால் பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் என்று பட்டுவிடும். நிழலின் நீலத்தையும் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், குளிர் அதில்தான் இருக்கிறது.

குளிர் என்றதும் பேட்டரி. வழியில் எங்கும் மின்சாரம் இல்லை. இரவில் பேட்டரிகளைக் காலுறைக்குள் போட்டுப் படுக்கைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் காலையில் பாதிதான் இருக்கும். கேமராவைக் கூடாரத்துக்குள் கொண்டுவரும் முன் ஜிப் பையில் போட்டு மூடிவிட்டால் லென்ஸில் வியர்க்காது.

கடைசி நாள் நாராநாக் வரை ஒரே இறக்கம், முழங்காலுக்குத்தான் வேலை. கீழே காஷ்மீர மன்னன் லலிதாதித்யன் காலத்தது என்று சொல்லப்படும் எட்டாம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடு இருக்கிறது. நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: நந்த்கோலில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்களா, காட்சர் கணவாய் உச்சியில் மத்தியானம்வரை உட்கார விடுவார்களா. இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.