நிறம் முதலில் நூலில் தெரிய வேண்டும்

அடுத்த சீசனில் எந்த நிறம் ஓடும் என்று சொல்வதைப் பலர் ஜோசியம் போலப் பார்க்கிறார்கள். ஃபேஷன் போக்குகளை முன்னறிவிக்கும் லீ எடெல்கூர்ட் வேலை செய்த விதம் தெரிந்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. 1950-ல் நெதர்லாந்தில் பிறந்த அவர், ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் வேலையைத் தொடங்கி, 1975-ல் பாரிஸ் போய், 1986-ல் 'ட்ரெண்ட் யூனியன்' என்ற முன்னறிவிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் புத்தகங்களில் படங்களோடு நிஜத் துணித் துண்டுகளும் நூலும் இருக்கும். ஃபேஷன் படிப்பிலிருந்து துணியைப் பற்றிய அறிவு மறைகிறது என்று 2015-ல் வெளிப்படையாகவே எச்சரித்தார். சென்னையில் இந்த முன்னறிவிப்புத் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் காதில் வாங்க வேண்டியது அந்த எச்சரிக்கையைத்தான்.

ஏற்றுமதிக்கான நிறங்கள் கடைக்கு வருவதற்கு 18 முதல் 24 மாதம் முன்பே முடிவாகிவிடும். அடுத்து நூல், துணி. வெட்டும் தையலும் கடைசியில்தான். அம்பத்தூர், கிண்டி ஆலைகளில் பெரும்பாலான சிக்கல் தொடங்குவது திரையில் பார்த்த நிறத்தை நம்பும்போது. சாயப்பட்டறைக்கு, நிறங்களுக்கு எண் கொடுக்கும் பேன்டோன் நிறுவனத்தின் காகித அட்டையை அனுப்பாமல், பருத்தித் துண்டான டிசிஎக்ஸ் அனுப்ப வேண்டும். லேப் டிப், அதாவது பட்டறை சாயமிட்டு அனுப்பும் மாதிரித் துண்டு வந்ததும் ஜன்னலோரம் பார்த்து ஒப்புதல் தரக் கூடாது. விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65-ல் அசலோடு ஒட்டிப்போகும் அரக்குச் சிவப்பு, கடை விளக்கான டிஎல்84-க்கு மாற்றியதும் பழுப்பாகிவிடலாம். அசலில் இருக்கும் சாயக் கலவை வேறு, பட்டறை போட்ட கலவை வேறு என்பதே காரணம். செய்முறையையே மாற்றச் சொல்ல வேண்டும். அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தால் சரியாகாது. பருத்தி இழையோடு வேதியாக இணையும் ரியாக்டிவ் சாயத்தில் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) இன்னொரு தொல்லை. மற்றவை 60 டிகிரியில் பிடித்துக்கொள்ளும், இதற்கு 80 வேண்டும். அலசவும் நேரம் கூடுதல். அந்த நிறத்தை முன்னறிவிப்பில் சேர்ப்பவர் பட்டறையின் நாள் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உள்ளூர்ச் சந்தைக்கு ஐரோப்பியக் குளிர்கால நிற அட்டை அப்படியே உதவாது. இங்கே காலண்டர் தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்கள்தான். தி.நகரில் ஆடித் தள்ளுபடி மேசை போல நேர்மையான தகவல் வேறெங்கும் கிடைக்காது: எது விற்றது என்று எல்லோரும் சொல்வார்கள், எது தேங்கியது என்று அந்த மேசைதான் காட்டும். ஒரே தெருமுனை, ஒரே நேரம், 100 பேர் என்று வைத்து உடை நிறம், கை நீளம், பார்டர் அகலம் மூன்றையும் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ண வேண்டும். ஒருமுறை எண்ணியதில் போக்கு தெரியாது. இரண்டு எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் தெரியும்.

பட்டில் தவறினால் இழப்பு அதிகம். காஞ்சிபுரத்தில் ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்) பொதுவாக மூன்று சேலைக்கு ஓடும். பாவு நிறம் தப்பினால் குறுக்கே ஓடும் ஊடையை மாற்றி இரட்டை நிறமாக நெய்து ஓரளவு மீட்கலாம். மயில்கழுத்து அப்படி இரண்டு இழைகள் சேர்ந்து பிறக்கும் நிறம்தான்.

எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலம் இன்றும் 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரில்தான் விற்கிறது. அதனால் குறிப்பேட்டில் பேன்டோன் எண்ணுக்குப் பக்கத்தில் கடைப் பெயருக்கும் ஓர் இடம் விட வேண்டும். வெங்காயத் தோல், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்: கவுன்டரில் நிற்பவர் கேட்பது அந்தப் பெயரைச் சொல்லித்தான்.