சிங்கராஜக் காட்டின் சிலம்பன் கூட்டம்

இரத்தினபுரி வரை பஸ், அங்கிருந்து கலவானை, கடைசியாக முச்சக்கர வண்டியில் குடாவை. இலங்கையின் சிங்கராஜக் காட்டு வாசலில் டிக்கெட் வாங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை துணிக் காலுறை மாட்டிக்கொண்டேன். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எனக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டிய கிராமத்துக்காரர். காலில் வெறும் ரப்பர் செருப்பு.

நான் போனது நீல வால்காக்கை என்ற பறவையைப் பார்க்க. அவரோ அண்ணாந்து பார்க்கவே இல்லை. நின்று நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "தெமளிச்சா வரட்டும், மற்றதெல்லாம் கூட வரும்" என்றார் உடைந்த தமிழில். கூட்டமாகத் திரியும் சிலம்பன் குருவிக்குச் சிங்களப் பெயர் அது. சிங்களத்தில் 'தெமள' என்றால் தமிழ். ஓயாமல் கத்துகிற குருவிக்கு எங்கள் பெயரா என்றேன். சிரித்தாரே தவிர, பதில் இல்லை.

நாங்கள் நடந்தது பழைய மரம்வெட்டிப் பாதை. ஒட்டுப்பலகைக்காக 1970களில் இங்கே இயந்திரங்கள் நுழைந்தன; மக்கள் எதிர்ப்பால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் இது உலகப் பாரம்பரியக் களமானது.

முக்கால் மணி நேரம் கழித்துச் சலசலப்பு கேட்டது. எங்கள் வீட்டு முருங்கையடியில் தவிட்டுக் குருவிகள் போடும் அதே சண்டைச் சத்தம்! ஆனால் இவை செம்பழுப்பு. அலகும் காலும் நல்ல ஆரஞ்சு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். கைக்கெட்டும் கிளையில் இரண்டு ஒட்டி உட்கார்ந்தன. ஒன்று கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ள, மற்றது அதன் பிடரி இறகுகளை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டது. மற்றவை காய்ந்த இலைகளைப் புரட்டிப்போட்டபடி தாவின.

பின்னாலேயே கொண்டைக் கரிச்சான். சிலம்பன்கள் கிளப்பிவிடும் பூச்சிகளைப் பறந்து பிடிப்பதுதான் அதன் பிழைப்பு. சும்மா தின்கிறது என்றும் சொல்ல முடியாது. காவல் வேலையும் அதனுடையதே. பிற பறவைகளின் குரலில் அது கூப்பிட்டால் அவையும் வந்து சேர்கின்றன என்று ஆய்வாளர்கள் இங்கே அதன் குரல் பதிவை ஒலிபரப்பிச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கூட்டத்தில் சராசரியாக 11 இனங்கள், சுமார் நாற்பது பறவைகள் இருக்குமாம். நான் எண்ணியது ஏழு இனங்கள். தீக்காக்கை ஒன்று, உச்சிக் கிளையில் செம்முகப் பூங்குயில்.

திடீரென்று கரிச்சான் அலறியது. அவ்வளவு பறவைகளும் அப்படியே உறைந்தன. மேலே வல்லூறின் நிழல். அது கடந்ததும், முதலில் வாயைத் திறந்தவை சிலம்பன்கள்தான். பத்தே நிமிடத்தில் கூட்டம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

நீல வால்காக்கையா? மறுநாள் விடியலில், தங்கியிருந்த வீட்டு வாசல் விளக்கடியில் அந்துப்பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.