டீசல் இன்ஜினுக்குப் பிளக் கிடையாது

காலையில் கிணற்றடியில் ஒரு பழைய டீசல் இன்ஜின் கிளம்ப மறுத்தது. ஹேண்டில் போட்டு, சிலிண்டர் காற்றை அழுத்தாமல் வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, ஃபிளைவீல் வேகம் எடுத்ததும் விட்டார்கள். வெறும் வெள்ளைப் புகை.

கழற்றிப் பார்த்தால், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது.

பெட்ரோல் இன்ஜினைப்போலத் தீப்பொறி போட டீசல் இன்ஜினில் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்த, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றும். காற்று கசிந்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் டீசல் பற்றாது, எரியாமலே புகையாய்ப் போய்விடும்.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் மல்லுக்கட்டியதும் இந்தக் கசிவோடுதான்.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை இன்ஜினுக்குத் குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட்கூட இல்லை. தொழிற்சாலை ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றினார்கள். எரிபொருள் பற்றியது. அழுத்தம் 80 பாரை (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 80 மடங்கு) தொட, அதை அளந்த இண்டிகேட்டரே வெடித்துச் சிதறியது!

1894 பிப்ரவரி 17-இல் தானாக ஓடியது. ஏறத்தாழ ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில்.

மூன்று வருடம் கழித்து, புது இன்ஜின்: 25 செ.மீ. விட்டச் சிலிண்டர், 40 செ.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), தண்ணீர்க் குளிர்ச்சி. பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது 154 சுற்றில் 17.8 குதிரைத்திறன்; எரிபொருளின் சூட்டில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி இன்ஜின்கள் கிட்டவே வர முடியாத கணக்கு.

ஆனால் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தூவ அழுத்தக் காற்று வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கம்ப்ரஸர். அந்தப் பாரம்தான் டீசலை லாரியில் ஏறவிடாமல் வெகுகாலம் தடுத்தது.

1927-இல், காற்றின் துணையில்லாமல் எண்ணெயை நேராக அழுத்தித் தூவும் போஷ் நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன் பம்பு தொடர் உற்பத்திக்கு வந்ததும் வழி திறந்தது. கிணற்றடி இன்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன பம்பு, அதன் வாரிசு.