மூன்று மணி நேரம் தாமதமாக வந்த லாக்

எங்கள் டீமுக்கு சீனியர் என்ஜினியர் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வேலை, வாடிக்கையாளர்களின் ஃபயர்வால், சர்வர், லேப்டாப் எல்லாவற்றிலிருந்தும் லாக் (எப்போது என்ன நடந்தது என்று அவை எழுதும் பதிவு) வாங்கி, யாராவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று பார்க்கும் சிஸ்டம். கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்தே நான் இன்டர்வியூ எடுக்கிறேன்.

நாளுக்கு 100 கோடி லாக் என்றால் நொடிக்குச் சராசரியாக 11,500-க்கும் மேல். ஒன்று 500 பைட் என்று வைத்தால் தினமும் 500 ஜிபி. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாகை வைத்திருக்க வேண்டும். கம்ப்ரெஸ் செய்யாவிட்டால் 90 டிபி. இந்தக் கணக்கை வருகிறவர்கள் பெரும்பாலும் சரியாகப் போட்டு, காஃப்கா, ஃப்ளிங்க் என்று, ஓயாமல் வரும் டேட்டாவைக் கையாளும் டூல்களைப் போட்டுப் படமும் வரைந்துவிடுகிறார்கள். அதை மட்டும் வைத்து நான் ஆள் எடுப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு கிளை அலுவலகத்தில் இணைப்பு அறுந்துபோகிறது. மூன்று மணி நேரம் கழித்து எல்லா லாகும் மொத்தமாக வருகிறது. அந்த இடைவெளியில் ஒருவன் பத்து நிமிடத்துக்குள் 40 தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டு, அடுத்த தடவை உள்ளே போய்விட்டான். உங்கள் சிஸ்டம் பிடிக்குமா?

வேலந்தாவளம் பக்கத்துக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினார். தமிழ், மலையாளம், எது வசதியோ அதில் சொல்லுங்கள் என்றேன். உடனே அவரே கேள்வி கேட்டார்: "மேடம், லாகில் இருக்கிற நேரம் ஃபயர்வால் போட்டதா, நம்ம சர்வர் வாங்கினப்போ போட்டதா?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டையும் வைக்க வேண்டும் என்றார். லாகுகளைச் சேர்த்து எண்ணும் பத்து நிமிட விண்டோ மூடிய பிறகு வருவதைத் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து, அந்த நேரத்துக்கு மட்டும் திருட்டைப் பிடிக்கும் ரூலை மறுபடி ஓட்டலாம் என்றார். 'லாக் கிடைத்தது' என்று நம் சர்வர் அனுப்பும் பதில் வழியில் தொலைந்தால் ஃபயர்வால் அதே லாகை மறுபடி அனுப்பும், 20 தோல்வி 40 ஆகிவிடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஐடி வேண்டும் என்றும் சொன்னார்.

அப்புறம் நான் கேட்காமலே கடிகாரத்துக்கு வந்தார். இந்திய நேரத்தில் ஓடும் ஒரு ஃபயர்வால் பெட்டி, டைம்ஸோன் குறிக்காமல் லாக் அனுப்புகிறது. நாம் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படித்தால், அது ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். எந்த நேரம் வரைக்குமான லாக் வந்துவிட்டது என்று சிஸ்டம் வைத்திருக்கும் குறியான வாட்டர்மார்க் அதோடு முன்னால் ஓடிவிட்டால், ஒழுங்காக வரும் மற்ற லாகுகள் தாமதமானவை என்று ஒதுக்கப்பட்டுவிடும். இதெல்லாம் ராத்திரி கண்விழித்து சிஸ்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

ஃப்ளிங்க் அவர் தொட்டதே இல்லை. அதைக் கற்றுக்கொள்ளலாம். அவரை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். விளம்பரத்தில் டூல் பெயர் வரிசையைக் குறைக்கவும் ஹெச்ஆரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. பாலக்காடு, கோவை எங்கிருந்தும் வேலை செய்யலாம். கேள்வி வெளியே தெரிந்துவிட்டதில் எனக்குக் கவலையில்லை; யோசித்துக்கொண்டே வாருங்கள், அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கிறது.