அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு நானே ஆயில் மாற்றினேன்

போன முறை சர்வீஸுக்கு விட்டபோது ஆயில் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. அப்பா பதினைந்து வருடமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டி அது. மனசு கேட்கவில்லை.

கடையில் 10டபிள்யூ30 கிரேடு எஞ்சின் ஆயில், 900 மில்லி வாங்கினேன். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். பைக்கில் கிளட்ச்சும் இதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது; கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். சூடானால் ஆயில் இளகி, அடியில் தங்கியிருக்கும் கசடையும் சேர்த்து இறக்கிவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, 17 நம்பர் ஸ்பானரை வைத்தேன். போல்ட் அசையவே இல்லை. திண்ணையிலிருந்து அப்பா, "அவசரப்படாதடா, ஸ்பானர் நல்லா உட்கார்ந்திருக்கான்னு பாரு" என்றார். சரியாக உட்காரவில்லைதான். திருத்தி வைத்து அழுத்தியதும் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. பழைய பேசினில் கருப்பாக இறங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

புது வாஷர் போட்டு, போல்ட்டை அளவாக முடுக்கினேன். எஞ்சின் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்த்தேன். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, தேன் நிறத்தில்.

பழைய ஆயிலைக் கேனில் மூடி வைத்திருக்கிறேன், சாக்கடையில் கொட்ட மாட்டேன். மாலையில் அப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சத்தம் குறைஞ்சிருக்கு" என்றார்.