சூரியனைச் சுற்றி ஒரு சிலந்தி வலை

காலையில் பெங்களூரு அல்சூர் வெயிலில் என் கறுப்புக் காரின் பானெட்டில் சூரியன் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு சிலந்தி வலை.

தலையை நகர்த்தினேன். வலையும் கூடவே நகர்ந்தது.

எல்லாம் நுண்ணிய கீறல்கள். ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டிகளைத் துடைக்கும் துணியின் கைவண்ணம். (அந்தப் பழைய பனியனைக் கொடுத்ததே நான்தான்.)

பாலிஷ் போடும் வேலூர்க்கார அண்ணன் நகத்தால் வருடிப் பார்த்தார். "நகம் மாட்டவில்லை தம்பி, எடுத்துவிடலாம்."

கையால் தேய்த்தால் போகாதா?

"ஒரு சாண் இடம் என்றால் போகும். முழு வண்டிக்கு உங்கள் தோள்பட்டைதான் போகும்."

ஆடிக்கொண்டே சுழலும் மெஷின், மெத்தென்ற பஞ்சு, பட்டாணி அளவில் நான்கு சொட்டு பாலிஷ். கதவில் இரண்டடிச் சதுரம் மட்டும் செய்து காட்டினார். டார்ச் அடித்தால் ஒற்றை வெளிச்சப் புள்ளி. வலையைக் காணோம்.

கீறலை யாரும் அழிப்பதில்லையாம். அதன் ஆழம் வரை சுற்றியிருக்கும் பூச்சைத்தான் தேய்த்து எடுக்கிறார்கள். நிறத்துக்கு மேலுள்ள அந்தக் கண்ணாடிப் பூச்சே சுமார் 40, 50 மைக்ரான். ஏறக்குறைய ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். ஒவ்வொரு பாலிஷிலும் சில மைக்ரான் போய்விடும்.

அப்படியானால் ஒரு வண்டி எத்தனை முறைதான் புதிதாக முடியும்?

மீதி வலையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பனியனைத் தூக்கிப் போட்டாயிற்று.