கோளாறு குழாயில்தான்

“கோளாறு குழாயிலதாம்மா, உங்க ரத்தத்துல இல்ல.” கோத்தகிரியில் ஓர் ஐப்பசி மாதக் காலையில், அந்த அம்மாவின் கையில் இரண்டாவது முறையாக ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நான் சொன்ன வாக்கியம் இது. மொத்தம் ஐந்தே சொற்கள். அவற்றைச் சொன்ன நேரத்தில் உண்மை பேசினேனா, பொய் பேசினேனா என்பதை மூன்று ஆண்டுகள் கழிந்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவர் நோயாளி அல்லர், கணவர்தான் நோயாளி. கணவருக்கு அக்யூட் மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். சமவெளியில் உள்ள மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்ட அன்றே, வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் வைத்து மனைவியிடமும் ஒரு குழாய் ரத்தம் வாங்கியிருந்தேன். எங்கள் ஆய்வில் நோயாளி ஒவ்வொருவருக்கும் இணையாக, ஏறக்குறைய அதே வயதில், ரத்த உறவு இல்லாத, ஆனால் அதே தண்ணீரைக் குடித்து அதே காற்றில் வாழ்ந்த ஆரோக்கியமான ஒருவர் வேண்டும். ஆய்வகத்தில் இவர்களைக் கன்ட்ரோல் என்போம். கணவர் பி-41, மனைவி சி-41. “நான் குடுத்தா அவருக்குப் பிரயோஜனமா தம்பி?” என்று கேட்டார். அவருக்கு இல்லை, இனி வருகிறவர்களுக்கு என்றேன். “யாருக்கோ ஆகட்டும்” என்று கையை நீட்டினார். ஒப்புதல் படிவத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவருடைய பார்வை வார்டின் கதவிலேயே இருந்தது. தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்படமாட்டா என்ற வரியையும் அப்படித்தான் கேட்டார், அல்லது கேட்காமல் இருந்தார்.

சில மாதங்கள் கழித்து, டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையாக்கத்தின் முடிவுகள் வந்தன. கணவரின் மஜ்ஜையில் இரண்டு மரபணுக்கள் கெட்டிருந்தன. ஒன்று டிஎன்எம்டி3ஏ. எந்த மரபணு பேச வேண்டும், எது வாயடைத்திருக்க வேண்டும் என்பதற்கு டிஎன்ஏ இழையின்மேல் மீத்தைல் என்னும் சிறு அடையாளங்களை வைக்கும் நொதியை உண்டாக்குவது அது. அந்த நொதியின் 882-ஆவது இடத்தில் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டும். அவரிடம் ஹிஸ்டிடின் இருந்தது. மற்றொன்று என்பிஎம்1, நான்கு எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்ட நிலையில். இந்த நோயில் இவை இரண்டும் சேர்ந்து வருவது எங்களுக்குப் பழகிய காட்சி. பழகாதது அடுத்த வரி. சி-41-இலும், அதே 882-ஆவது இடத்தில், அதே ஹிஸ்டிடின். அந்த இடத்தை இயந்திரம் படித்த வாசிப்புகளில் 7 சதவீதம். ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்றுதான் மாறியிருக்கும் என்று கொண்டால், அவருடைய வெள்ளணுக்களில் ஏறக்குறைய 14 சதவீதம் அந்த எழுத்துப்பிழையைச் சுமக்கின்றன என்று பொருள்.

இருவர் குழாய்களும் ஒரே நாளில், ஒரே தட்டில், அடுத்தடுத்த குழிகளில் கையாளப்பட்டவை. கணவரின் டிஎன்ஏ ஒரு துளி மனைவியின் குழியில் தெறித்திருக்கலாம் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். என் பேராசிரியரும் அதையே சொன்னார்: கன்டாமினேஷனாக இருக்கலாம், மறுபடி எடு. கணவர் அதற்குள் ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் டானோரூபிசின் என்ற கீமோதெரபியின் முதல் சுற்றையும் அதற்குப் பிந்தைய சுற்றுகளையும் தாண்டி, நோய் அடங்கி வீடு திரும்பியிருந்தார். அவருடைய மறுமாதிரியையும் எடுக்க வேண்டியிருந்ததால் ஒரே பயணமாக மலையேறினேன்.

இந்த முறை ரத்தத்தோடு நகமும் கேட்டேன். “நகம் எதுக்குத் தம்பி? செய்வினை கிய்வினை வைக்கப் போறீங்களா?” என்று கேட்டு அவர் சிரிக்க, கட்டிலில் படுத்திருந்த கணவரும் சிரித்தார். சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து பெற்றோரோடு வந்தவர். அப்போதிருந்து கொழுந்து எடுத்த கை. கிள்ளுகிற இரண்டு விரல்களிலும் தேயிலைக் கறை நகத்தின் ஓரத்தோடு சதைக்குள் இறங்கிக் கறுத்திருந்தது. நகவெட்டி பட்டதும் ஒரு துண்டு தெறித்து அவர் மடியில் விழுந்தது. அவரே அதைப் பொறுக்கி என் உறைக்குள் போட்டார். போட்டுவிட்டு, சிரிப்பு இன்னும் முழுக்க அடங்காத முகத்தோடு கேட்டார்: “மொதல்ல எடுத்த ரத்தத்துல ஏதும் கோளாறா?” அதற்கு நான் சொன்ன பதில்தான் முதல் வரியில் இருக்கிறது.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆய்வகத்தின் கருத்து அதுதான். குழாயில் கோளாறு என்ற ஐயத்தின் பேரில்தான் நான் அனுப்பப்பட்டேன். உறுதியாகாத ஒரு முடிவை ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டு வாசலில் வைத்து, அதுவும் கணவர் சாவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்த மாதத்தில் சொல்வது எந்த நெறிமுறைக்கும் ஒவ்வாது. எங்களுடையது ஆராய்ச்சிக் கூடம். நோயறியும் ஆய்வகத்துக்குரிய அங்கீகாரம் அதற்கு இல்லை. அங்கே வரும் முடிவை நோயாளியிடம் சொல்ல வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகம் அதை உறுதி செய்திருக்க வேண்டும். இவையெல்லாம் சரியான காரணங்கள். இன்றும் ஒரு மாணவர் கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

ஆனால் நகம். குழாயில் மட்டும்தான் கோளாறு என்று நான் நம்பியிருந்தால் இன்னொரு குழாய் ரத்தம் போதும். மரபணுவின் இந்தப் பிறழ்வு பிறவியிலேயே வந்ததா, மஜ்ஜையில் பிற்காலத்தில் முளைத்ததா என்று பிரித்தறியத்தான் ரத்தம் அல்லாத திசு தேவைப்படும். அதாவது பிறழ்வு மெய்யாகவே அவரிடம் இருக்கக்கூடும் என்று எண்ணிய ஒருவன்தான் நகம் கேட்பான். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. கணவரின் டிஎன்ஏ கலந்திருந்தால் அவருடைய என்பிஎம்1 மாற்றமும் கூடவே கொஞ்சம் வந்திருக்க வேண்டும். சி-41-இல் அது ஒரு வாசிப்பில்கூட இல்லை. மேட்டுப்பாளையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து இதைப் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை; ஆய்வகத்தின் ஐயம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆகவே, அன்று என் நம்பிக்கை அதுதான் என்று மேலே எழுதியிருந்தால் அடித்துவிட வேண்டும். நல்லவேளையாக, ஆய்வகத்தின் கருத்து என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது ரத்தத்திலும் அதே 7 சதவீதம். நகத்தில் இல்லை.

இதற்குப் பெயர் இருக்கிறது. ரத்த அணுக்களை உண்டாக்கும் குருத்தணுக்களில் ஒன்று ஒரு பிறழ்வைப் பெற்று, நோய் எதுவும் இல்லாமலே மற்றவற்றைக் காட்டிலும் கூடுதலாகப் பெருகிவிடும் நிலையை 2015-இல் சிப் என்று சுருக்கமாக அழைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான பெரிய ஆய்வுகள், எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது இருப்பதைக் காட்டின; அவர்களில் ரத்தப் புற்றுநோய்க்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம். மிகுதியாகத் தென்படும் மரபணு டிஎன்எம்டி3ஏ. அதிலும் மிகுதியாகப் பிழைபடும் இடம் 882. ஆகக் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பிழை என்பது விதியோ தொற்றோ அன்று. தேய்ந்த படிக்கட்டில் இருவர் வழுக்குவது போன்ற ஒன்றுதான். நூறு பேரில் தொண்ணூற்று ஒன்பது பேருக்கு இந்த ஆண்டு ஒன்றும் நேராது என்று தெரிந்தும், இதைத் தடுக்க ஒரு மாத்திரைகூட இல்லை என்று தெரிந்தும், ஒருவரை அழைத்து உட்காரவைத்துச் சொல்வது நன்மையா? என் பேராசிரியர் கூட்டத்தில் கேட்டது இதைத்தான்: “சொல்லி என்ன செய்யப் போகிறோம்?” படிவத்தின் வரியும் அவர் பக்கம் இருந்தது. நானும் தலையசைத்தேன்.

தலையசைத்த அந்த வாரத்தில்தான் கணவரின் மறுமாதிரி முடிவும் வந்தது. என்பிஎம்1 அறவே இல்லை. டிஎன்எம்டி3ஏ இன்னும் இருந்தது. இதுவும் பழகிய காட்சியே. 2014-இல் டொராண்டோவிலிருந்து வெளியான ஆய்வு, லுகேமியாவுக்கு முந்தைய குருத்தணுக்கள் டிஎன்எம்டி3ஏ பிழையை மட்டும் சுமந்தபடி கீமோதெரபியைத் தாண்டிப் பிழைத்திருப்பதைக் காட்டியது. அதனால் நோய் மிச்சமிருக்கிறதா என்று கணக்கிடும்போது இந்த மரபணுவை மருத்துவர்கள் சேர்ப்பதில்லை. பாடமாக இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சிகிச்சை முடிந்த கணவரும் சிகிச்சையே தேவைப்படாத மனைவியும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்: ஒருவர் திரும்பி வரும் வழியில். மற்றவர் எந்த வழியிலும் இறங்காமல் கடைசிவரை அங்கேயே நின்றுவிடக்கூடும். கணவருக்கு மாதாமாதம் ரத்த அணுக்களை எண்ணுகிறார்கள். மனைவிக்கு யாரும் எண்ணுவதில்லை.

ரத்தம் இந்த மலையை விட்டு இறங்குவது புதிதல்ல. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் என்னும் ரத்த நோய்க்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் எழுதினார்கள். இந்தியாவில் அந்நோயின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று ஒருவருக்கு அரிவாள் செல் சோதனை செய்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விடலாம் என்று எவரும் வாதிட மாட்டார்கள். அது வேறு, இது வேறு என்பது எனக்குத் தெரியும். அது பிறவியில் வருவது, பிள்ளைகளுக்குப் போவது, செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளது. ஆனாலும் “சொல்லி என்ன செய்யப் போகிறோம்” என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை ரத்தம் கொடுத்தவருக்கு முதலில் உண்டா, எடுத்தவருக்கு முதலில் உண்டா என்பதில் நான் இருக்கும் பக்கம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2018-இல் வெளியான ஆய்வுகள், பின்னாளில் லுகேமியா வந்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு கொடுத்துவைத்திருந்த ரத்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, இத்தகைய பிறழ்வுகள் அப்போதே இருந்ததைக் கண்டன. அவற்றைப் படிக்கும் வாரங்களில் ஒரு பக்கம். ஒன்றும் வராமல் பேரன் பேத்திகளோடு இருக்கும் பெருந்தொகையினரை நினைக்கும் வாரங்களில் மறு பக்கம்.

எண்ணையும் பெயரையும் சேர்த்து வைத்த பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. சி-41 யார் என்று அறிந்த ஒரே ஆள் நான். அடுத்த ஆண்டு கணவரின் மாதிரிக்காக மறுபடி போனபோது, படிவத்தையும் மீறாமல் என் மனத்தையும் சமாதானப்படுத்தும் ஒரு நடுவழியைப் பேருந்திலேயே யோசித்து வைத்திருந்தேன். பிறழ்வைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பொதுவாக எல்லோருக்கும் சொல்வதைப் போலச் சொல்ல வேண்டும். இந்தப் பிறழ்வுகள் உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய இருமடங்கு என்று 2017-இல் வந்த ஆய்வும் எனக்குத் துணையாக இருந்தது. டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே, “உங்க வயசுக்கு வருஷம் ஒரு தடவை ரத்த அணு எண்ணிக்கை பாருங்கம்மா, பிரஷரும் சுகரும் சேத்துப் பாத்துக்கங்க” என்றேன். என் காதுக்கே அது சாதாரணமாகத்தான் ஒலித்தது.

“எனக்கு எதுக்குத் தம்பி? அதான் ரெண்டு தடவ பாத்துட்டீங்களே. கோளாறு குழாயிலதான்னு நீங்கதான சொன்னீங்க” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. என் வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். அப்போது மறுத்திருக்கலாம். “அன்னைக்கு அப்படி நினைச்சோம்மா” என்று ஒரு வரி போதும். அதன் பிறகு அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் படிவத்தில் இடமில்லை. “இல்லம்மா, இருந்தாலும் பாத்துக்கறது நல்லது” என்றேன். “சரி, பாப்போம்” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மருந்து எழுதிக் கொடுத்தால் வாங்காமல் விடுபவர்கள் சொல்லும் அதே “பாப்போம்”.

கணவரின் கையைத் துடைத்து ஊசியைப் போட்டேன். ஊதா மூடிக் குழாய் நிறைந்ததும் வழக்கப்படி எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பி-41 என்று எழுதித் தேதியிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தேன். பதிவேட்டில் அதற்கு அடுத்த வரி சி-41. அன்றைக்கு அதில் எழுத ஒன்றும் இல்லை.